ஒப்பந்தம் போட்டாயிற்று, மதிப்பெண் யார் போடுவது?

போன வாரம் செய்தித்தாளில் ஒரு படம். துணைவேந்தர் ஒருவரும் வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவரும் ஆளுக்கொரு கோப்பைக் கையில் பிடித்தபடி சிரிக்கிறார்கள். வந்தவர் தோளில் பொன்னாடை. மாணவர் பரிமாற்றத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானதாகக் கீழே நாலு வரி. இந்த மாதிரிப் படங்களில் பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிய ஒருவர் நிற்பார் பாருங்கள், அந்த ஆள்தான் நான். ஓய்வு பெறுவதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டுத் தொடர்புப் பிரிவில் இருந்தேன். பொன்னாடை வாங்கிவர ஆள் அனுப்பியதும் நான்தான், கையெழுத்துப் போட இரண்டு நல்ல பேனா தேடி வைத்ததும் நான்தான்.

படத்தைப் பார்த்த மறுநாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். முதுகலை முதலாண்டு படிக்கிறாள். ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கலாம் என்று அவர்கள் நிறுவனத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். "தாத்தா, நீங்க இந்த வேலையிலதானே இருந்தீங்க? எழுதிப் போடலாமா?" என்று கேட்டாள். பன்னிரண்டு ஆண்டு இதற்காகவே சம்பளம் வாங்கியவன், உடனே "போம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளிடம் முழுதாகச் சொல்லவும் முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பரிமாற்றம் என்பது காகிதத்தில் எளிமையான விஷயம். அவர்கள் மாணவர் இங்கே வருவார், நம் மாணவர் அங்கே போவார். ஒவ்வொருவரும் தத்தம் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் கட்டுவார்கள், போகும் இடத்தில் கட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். போன இடத்தில் படித்த பாடங்களை இங்கே படித்ததாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். நான் தட்டச்சு செய்யக் கொடுத்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருந்தது. அந்த வாக்கியத்தை நம்பித்தான் ஆரணியிலிருந்து வந்த ஒரு பெண் விமானம் ஏறினாள்.

அவள் அப்பாவுக்குப் பட்டுத் தறி. வேதியியல் முதுகலையில் வகுப்பிலேயே முதல் மாணவி. ஜெர்மனியில் எங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் செமஸ்டரில் ஒருவரை அனுப்பலாம் என்று வந்தபோது துறைத்தலைவர் இவளைச் சொன்னார். அந்த ஆண்டு நாக் குழு வரவிருந்தது. எத்தனை ஒப்பந்தம், அவற்றில் எத்தனை நடைமுறையில் இருக்கிறது, எத்தனை மாணவர் போய் வந்தார்கள் என்று பட்டியல் கேட்பார்கள். எங்களிடம் ஒப்பந்தம் நிறைய இருந்தது, போய் வந்தவர் என்று காட்ட ஆள் இல்லை. ஆகவே கோப்பு வழக்கத்துக்கு மாறாக வேகமாக நகர்ந்தது. அதில் நான் எழுதிய குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது: "விதிமுறைகளுக்கு உட்பட்டு அனுமதி வழங்கலாம்." அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் அருமை தெரியும். எழுதியவன் தலை தப்பிக்கும். ஆனால் எந்த விதிமுறை? வெளிநாட்டில் படித்த பாடத்தை இங்கே எப்படிக் கணக்கில் எடுப்பது என்று எங்களிடம் ஒரு விதியும் கிடையாது. அது எனக்கு அப்போதே தெரியும்.

அவள் கிளம்பும் முன் அவளுடைய அப்பா ஒரு பையில் ஆரணி அரிசி கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். வேண்டாம் என்றேன். "வீட்டு அரிசிங்க ஐயா" என்று வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1இல் தொடங்கி மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் ஆரம்பித்துப் பிப்ரவரி நடுவில் முடியும், தேர்வு அதற்கப்புறம். நம் மூன்றாம் செமஸ்டரோ ஜூலையில் தொடங்கி நவம்பரில் தேர்வு. நான்காவது டிசம்பரில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிந்துவிடும். ஒரு செமஸ்டருக்கு என்று போகிறவர், உண்மையில் இங்கே இரண்டு செமஸ்டரின் நடுவில் கால் வைக்கிறார். கோடைகால செமஸ்டருக்குப் போனாலும் இதே கதைதான், ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் வகுப்பு முடியும்.

அந்தப் பெண் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதம் இங்கே வகுப்புக்கு வந்தாள். செப்டம்பர் கடைசியில் போனாள். மார்ச் முதல் வாரம் திரும்பினாள். வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதம் இல்லையென்று கணினி அவளுக்கு மூன்றாம் செமஸ்டர் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருந்தது. கணினிக்கு ஜெர்மனி தெரியாது. நான்காம் செமஸ்டரில் மூன்று மாதம் முடிந்துவிட்டிருந்தது. மதிப்பெண் பட்டியல் அங்கிருந்து வந்து சேரவே ஏப்ரல் ஆயிற்று.

அதை எடுத்துக்கொண்டு நானே தேர்வுப் பிரிவுக்குப் போனேன். இரண்டு பாடத்தில் 1.3, ஒன்றில் 1.7, ஒன்றில் 2.0 என்று இருந்தது. பிரிவு அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்ன சார், பத்துக்கு ஒண்ணே முக்காலா? எல்லாத்துலயும் ஃபெயிலா?" என்றார். ஜெர்மனியில் 1.0 என்பதுதான் உச்சம், எண் ஏற ஏற மதிப்பு குறையும், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. அந்தக் கணக்கில் இவள் வாங்கியிருப்பது மிக நல்ல மதிப்பெண். எடுத்துச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி சார், 1.3ஐ நம்ம கணக்குல எவ்வளவுன்னு போடறது? நமக்கு உள்மதிப்பெண் 25, வெளித்தேர்வு 75. இதை எப்படிப் பிரிக்கிறது? எந்த விதிப்படின்னு ஒரு ஆர்டர் காட்டுங்க, இப்பவே போட்டுத் தர்றேன்" என்றார்.

ஆர்டர் இல்லை. வேண்டுமானால் பாடத்திட்டக் குழு கூட வேண்டும், அது கல்வி நிலைக்குழுவுக்குப் போக வேண்டும், அங்கிருந்து சிண்டிகேட். ஆறு மாதத்துக்குக் குறையாது. கிரெடிட் கணக்கிலும் தகராறு. நம் ஊரில் வாரம் ஒரு மணி வகுப்பு ஒரு செமஸ்டர் நடந்தால் ஒரு கிரெடிட், அதாவது சுமார் 15 மணி நேரம். ஐரோப்பாவில் மாணவர் வீட்டில் உட்கார்ந்து படிப்பது, ஆய்வகத்தில் நிற்பது எல்லாம் சேர்த்து 25லிருந்து 30 மணி நேர உழைப்பு ஒரு கிரெடிட். ஆண்டுக்கு 60. ஒன்றுக்கு ஒன்று என்று வைப்பதா, இரண்டுக்கு ஒன்று என்று வைப்பதா என்று துறையில் இரண்டு பேராசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவள் போவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய சண்டை அது.

முடிவு என்ன என்று நீண்டு சொல்லப் பிடிக்கவில்லை. அடுத்த நவம்பரில் தன் ஜூனியர்களோடு உட்கார்ந்து மூன்றாம் செமஸ்டர் பாடங்களை அரியராக எழுதினாள். பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. ஜூன் மாதத்துக்குள் தற்காலிகச் சான்றிதழ் காட்டினால் சேரலாம் என்றிருந்த ஒரு வேலை கைவிட்டுப் போயிற்று. விமானத்துக்கும் விசாவுக்கும் அடகு வைத்த அம்மாவின் நகை கூட்டுறவு வங்கியிலேயே இன்னும் ஓராண்டு கிடந்தது. நாக் குழு வந்தபோது பட்டியலில் "வெளிநாடு சென்று திரும்பிய மாணவர்: 1" என்று இருந்தது. அந்த ஒன்று அவள்தான்.

அப்பா இரண்டாம் முறை வந்தார். இந்த முறை கையில் பை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார். பிறகு, "அங்க நல்லாத்தான் படிச்சிருக்குதுங்களா ஐயா? எங்கிட்ட மறைக்குதோன்னு ஒரு சந்தேகம்" என்றார். நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள் என்று சொன்னேன். "அப்புறம் ஏன் பரீட்சை எழுதணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். சொல்ல முடியவில்லை.

சோஃபியா கொராடி என்ற இத்தாலியப் பெண்மணியைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். ரோம் நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலை சட்டப் பட்டம் பெற்று 1958இல் ஊர் திரும்பினார். அந்தப் படிப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி தன் பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார். முடியாது என்று எல்லோர் முன்னிலையிலும் அவமதித்து அனுப்பிவிட்டார்கள். அவர் அதை விடவில்லை. 1969இல் எழுத ஆரம்பித்து, கதவு கதவாகத் தட்டி, 1987இல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதல் ஆண்டு 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இன்று கோடிக்கணக்கானவர்கள் போய்வந்துவிட்டார்கள். அவரை 'எராஸ்மஸ் அம்மா' என்றே அழைக்கிறார்கள்.

ஆக, உலகத்திலேயே பெரிய மாணவர் பரிமாற்றத் திட்டம் பிறந்தது ஒப்பந்தத்திலிருந்து இல்லை, தேர்வுப் பிரிவின் வாசலில் நின்று திரும்பி வந்த ஒரு மாணவியின் கோபத்திலிருந்து. அதனால்தான் அவர்கள் முதலில் கிரெடிட் கணக்கைச் சரிசெய்தார்கள், 1989லேயே அந்த முறையைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். போகும் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும், எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அங்கே மாணவர் பெட்டி கட்டுகிறார். அதற்கு லேர்னிங் அக்ரிமெண்ட் என்று பெயர். ஆரணிப் பெண்ணுக்கும் அப்படி ஒரு தாள் வந்தது. துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டார், நான் முத்திரை வைத்தேன். தேர்வுப் பிரிவுக்கு அந்தத் தாளின் நகல்கூடப் போகவில்லை.

விதி வந்துவிட்டதே என்று இன்று பணியில் இருக்கும் நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். 2021இல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் வந்தது. 2022இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம், டுவின்னிங் படிப்பு நடத்த யுஜிசி விதிமுறை கொண்டுவந்தது. டுவின்னிங் என்றால் மொத்த கிரெடிட்டில் 30 சதவீதத்துக்கு மிகாமல் வெளிநாட்டில் படிக்கலாம். நல்லது. ஆனால் டெல்லியில் விதி வருவது வேறு, அந்த விதியை வைத்து நம் தேர்வுப் பிரிவு மேசையில் 1.3க்கு எதிரே ஒரு எண்ணை எழுதுவது வேறு. அதற்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் குழுக்களைக் கூட்டி, மதிப்பெண் மாற்றும் அட்டவணை ஒன்றை முன்கூட்டியே நிறைவேற்றி வைத்திருக்க வேண்டும். பொன்னாடை போர்த்துவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. அட்டவணை இல்லாத இடத்தில் ஒப்பந்தம் போடுவது, மணமகளைக் கேட்காமல் பத்திரிகை அடிப்பது மாதிரி.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், இது யாரும் யோசிக்காதது. எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்றேன் அல்லவா? அவர்கள் அனுப்பாவிட்டால் நம் இடமும் போய்விடும். அவர்கள் ஏன் அனுப்புவதில்லை? நம் படிப்பு மட்டம் என்று நினைக்கிறார்களா? அப்படி நான் பார்க்கவில்லை. வந்தவர்கள் நம் ஆசிரியர்களை மதித்தார்கள். அவர்கள் ஓடியது கழிப்பறையைப் பார்த்து. ஒரு முறை இரண்டு பிரெஞ்சுப் பையன்கள் ஒரு செமஸ்டருக்கு வந்தார்கள். ஹாஸ்டலில் தாழ்ப்பாள் இல்லாத குளியலறை. இரவு எட்டரைக்கு மேல் மெஸ்ஸில் எதுவும் கிடைக்காது. இவர்களுக்கு எட்டரைக்குத்தான் பசிக்கவே தொடங்கும். மெஸ்ஸில் சமைக்கும் அக்கா ஒருவர் மட்டும், யாரும் சொல்லாமலே இரண்டு தட்டில் சப்பாத்தி மூடி வைப்பார். அந்த அக்காவின் புண்ணியத்தில்தான் அவர்கள் இருந்தார்கள்.

விசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிவு செய்ய வேண்டும். ஹாஸ்டல் தரப்பில் 24 மணி நேரத்துக்குள் அப்போது சி படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. வார்டனுக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. 2018இல் எல்லாம் இணையவழி ஆகும் வரை, நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் டோக்கன் வாங்கிக்கொண்டு அந்தப் பையன்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு மாணவி ஏப்ரலில் வந்து இறங்கினாள். அவள் ஊரில் அது செமஸ்டர் தொடக்கம். இங்கே கடைசித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. யார் அனுமதிக் கடிதம் அனுப்பியது என்று கோப்பைப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான்.

ஊருக்குப் போனவர்கள் அங்கே தங்கள் அலுவலகத்தில் அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள் அதைப் படிப்பார்கள். பேராசிரியர்களை எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் தாழ்ப்பாள் இல்லாத குளியலறை ஒரு வரியில் வந்துவிடும். அவ்வளவுதான், அடுத்த ஆண்டு வர ஆள் இல்லை. ஆண்டுக்கு இரண்டு வெளிநாட்டுப் பயணம் போய் ஒப்பந்தம் பிடித்துவரும் செலவில், ஹாஸ்டலில் ஒரு தளத்தைச் சரிசெய்திருக்கலாம். தாழ்ப்பாள் ஒன்று போட்டால் நம் ஊர் நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு அங்கே ஓர் இடம் கிடைக்கும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. "கல்விக் கட்டணம் இல்லை" என்று அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போடுவோம். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் யாருக்குமே கல்விக் கட்டணம் இல்லை. இல்லாததைத் தள்ளுபடி செய்ததாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். செலவு முழுக்கத் தங்குவதிலும் சாப்பாட்டிலும்தான். விசாவுக்கு மாதம் இவ்வளவு என்று கணக்குப் போட்டு, தொட முடியாத ஒரு வங்கிக் கணக்கில் முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 6,000 யூரோ. இன்றைய மதிப்பில் ஆறு லட்சம் ரூபாயைத் தொடும். எராஸ்மஸ் மாதிரித் திட்டத்தில் இடம் கிடைத்தால் மாத உதவித்தொகையும் பயணச் செலவும் சேர்ந்து வரும். 2015லிருந்து இந்திய மாணவர்களுக்கும் அது உண்டு. இரண்டு பல்கலைக்கழகங்கள் தாமாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சே இருக்காது. அறிவிப்புப் பலகையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் பிரிவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பரிமாற்றமே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆரணிப் பெண் இப்போது ஓசூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு ஆண்டு கழித்து ஏதோ சான்றிதழுக்காகத் தொலைபேசியில் பேசினாள். மன்னிப்புக் கேட்க நினைத்து நான் ஏதோ உளற ஆரம்பித்தேன். அவள் இடைமறித்து, "சார், போனது நல்லதுதான் சார். அங்க ஒரு மெஷின்ல தனியா வேலை செய்ய விட்டாங்க. நம்ம லேப்ல அதைத் தொடவே விட மாட்டாங்க. அந்த ஒண்ணாலதான் இந்த வேலை கிடைச்சுது. திரும்பி வந்ததுதான் கஷ்டமாப் போச்சு" என்றாள். போவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வருகிறவருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எதிர்வீட்டுப் பெண்ணிடம், தேர்வுப் பிரிவுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வா என்றேன்: அங்கே படிக்கிற பாடத்துக்கு இங்கே எந்த விதியில் மதிப்பெண் போடுவீர்கள்? அவளுக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. உற்சாகமாக வந்தவளிடம் இந்தக் கிழவன் என்ன இப்படிக் குடைகிறான் என்று நினைத்திருப்பாள். இரண்டு நாள் கழித்து வந்தாள். "முதல்ல போயிட்டு வாம்மா, அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாங்க தாத்தா."

நானே பல பேரிடம் சொல்லியிருக்கிற அதே வார்த்தை.

ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, தேர்வாணையருக்கு மனு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் அங்கே எடுக்கப்போகும் நான்கு பாடங்களின் பெயர், அவற்றுக்கு ஈடாக இங்குள்ள பாடங்களின் பெயர், வருகைப்பதிவு விலக்கு, நான்காம் செமஸ்டரில் தாமதமாகச் சேர அனுமதி, எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு படி எடுத்து, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கி வரச் சொன்னேன். விண்ணப்பத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பதில் எழுத்தில் வந்தால் போகச் சொல்வேன். திங்கட்கிழமை போகிறாள்.